வாசலில் வைத்த அயிலை

தீவு என்றதும் பெரிதாக எதையும் நினைத்துக்கொள்ள வேண்டாம். நெய்யாறு கடலில் சேரும் பொழிமுகத்துக்கு உள்ளே கிடக்கும் மணல்திட்டுதான் எங்கள் தீவு. இந்தக் கோடியில் ஒருவர் தும்மினால் அந்தக் கோடியில் சுக்குக் காப்பி கொதிக்கும்.

இதற்கும் ஒரு சரித்திரம் வேண்டுமென்று வாசகசாலைக்காரர்களுக்குத் தோன்றியது. பி.ஏ. சரித்திரம் படித்த மருமகள் என்பதால் வேலை என் தலையில் விழுந்தது. வீடு வீடாகப் போய்க் கேட்டேன். எல்லார் வீட்டுப் பாட்டனும் முதலாவதாகத்தான் வந்து இறங்கியிருந்தார். இரண்டாவதாக வந்தவர்களுக்குப் பிள்ளையே பிறக்கவில்லை போலும்.

ஒரு விஷயத்தில் மட்டும் எல்லார் பேச்சும் ஒத்துப்போனது. ஆதியில் ஒரு மழைக்காலத்தில் பொழிமுகத்தில் வள்ளம் கவிழ்ந்து, பல வீடுகளில் ஆண்கள் திரும்பவில்லை. கரை சேர்ந்தவர்கள் மறுநாள் முதல் தங்கள் பங்கில் கொஞ்சம் மீனை இலையில் பொதிந்து அந்த வாசல்களில் வைத்துவிட்டுப் போனார்கள். கூப்பிடவும் இல்லை, நின்று முகம் பார்க்கவும் இல்லை. கடலுக்குப் போக ஆளில்லாத வீடுகளுக்கு இன்றும் அப்படித்தான் மீன் வருகிறது. இதை நான் யாரிடமும் போய்க் கேட்டிருக்க வேண்டியதே இல்லை. பட்டுத் தெரிந்துகொண்டவள் நான்.

நான் பிறந்தது காரோடு என்ற உள்நாட்டு ஊரில். எங்கள் வீட்டில் வாழையும் மரச்சீனிக் கிழங்கும்தான். மீன் என்பது ஸ்கூட்டரில் ஹாரன் அடித்துக்கொண்டு வருவது. கல்யாணமாகி வந்த முதல் வருஷம், அலை வள்ளத்தைத் தூக்கிப் போட்டதில் என் வீட்டுக்காரருக்குத் தோள் இறங்கிவிட்டது. காட்டாக்கடையில் ஒரு வைத்தியர் கட்டுப் போட்டார். இரண்டு மாதம் ஆயிற்று. அடுத்த வாரம் போய்விடுவேன் என்று தினமும் சொல்வார். வள்ளத்தில் அவர் இடத்தை அண்ணன் தம்பிமார் காலியாகவே வைத்திருந்தார்கள். அந்த இடம்தான் அவருக்கு உயிர்.

ஒரு நாள் காலையில் கதவைத் திறந்தால் படியில் ஒரு வாழையிலைப் பொதி. உள்ளே நாலு அயிலை, கண் தெளிந்து கிடந்தன. யாரோ நல்ல மனசுக்காரர்கள் என்று நினைத்துக்கொண்டேன். தேங்காய் அரைத்து, மாங்காய் போட்டுக் கறி வைத்தேன், மரச்சீனியும் அவித்தேன். குளித்துவிட்டு வந்தவர் சட்டியைப் பார்த்து, மீன் ஏது என்று கேட்டார். சொன்னேன். வாசல்படியை எட்டிப் பார்த்தார். பிறகு உட்கார்ந்து, நாலில் மூன்றைத் தின்றார். எனக்குப் பெருமை பிடிபடவில்லை.

மறுநாள் வள்ளத்தில் அவர் இடத்தில் சித்தப்பா மகன் உட்கார்ந்திருந்தான். பக்கத்து வீட்டு அக்காதான் எனக்கு விளக்கினாள். ஆள் இருந்தும் கடலுக்குப் போகாத வீட்டில், இனிப் போவானா என்று நாக்கு கூசாமல் கேட்க முடியுமா? அதனால் மீனை வைத்துக் கேட்பார்கள். போகிறவன் வீடானால் பொதியைப் பிரிக்காமல் அடுத்த வாசலில் கொண்டுபோய் வைத்துவிட வேண்டும். கறி வைத்தால் அவன் கரையேறிவிட்டான், இனிக் கடலுக்கு இல்லை என்று அர்த்தம்.

ஓடிப்போய் அவர் முன்னால் அழுதேன். எனக்குத்தான் தெரியாது, நீங்கள் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் நாலு அயிலையை நானே வாங்கி அக்கா வாசலில் வைத்து மன்னிப்பும் கேட்டிருப்பேனே என்றேன்.

அவர் வலது கையைத் தூக்கிக் காட்டினார். அது தோள் மட்டத்தில் நின்றுவிட்டது.

"இது இதுக்கு மேல எழும்பாதுண்ணு எனக்கு ஒரு மாசமாட்டுத் தெரியும். சொல்லத்தான் வாயி வரல்ல. நீ தெரியாம கறி வச்சே. நான் தெரிஞ்சாக்கும் தின்னேன்."