சீலுக்காகக் கேட்ட துஆ

போன நோன்புப் பெருநாள் கழிந்த கையோடு என் மனைவி றஹீமாவுக்கு இதய வால்வு பழுதென்று சொன்னார்கள். கொழும்பில் ஒப்பரேஷன். இதயத்தை நிறுத்திவைத்து, உடம்பின் இரத்தத்தை வெளியே ஒரு பம்பால் ஓட்டுவார்களாம். டாக்டர் சாதாரணமாகத்தான் சொன்னார். எனக்குத்தான் பயம் பிடித்துக்கொண்டது.

காரணம் என் தொழில். கல்முனைக்குப் பக்கத்துச் சாய்ந்தமருதில் வயலுக்கு நீர் இறைக்கும் பம்புகளைத் திருத்துகிறேன். பம்பின் உயிர் சீலில் இருக்கிறது. சுழலும் தண்டு உள்ளே நுழையும் இடத்தில் இரண்டு வளையங்கள் ஒன்றோடொன்று உரசிக்கொண்டு தண்ணீர் கசியாமல் காக்கும். தேய்ந்தால் கசியும். காய்ந்தால் கருகிப் பிடிக்கும். என்னிடம் வரும் பம்புகளில் பெரும்பாலானவை சீல் போனவைதான். இப்போது அப்படியொரு சீலை நம்பி என் றஹீமாவின் இரத்தம் ஓடப்போகிறது. எண்ணெய் போட்டால் இரத்தத்தில் கலக்குமே, போடாவிட்டால் தேய்ந்த தூள் கலக்குமே என்று யோசித்து யோசித்து எனக்குச் சோறு இறங்கவில்லை.

ஊரெல்லாம் அவள் குணமாக வேண்டும் என்று ஷிபாவுக்கு துஆ கேட்டது. என் வாயில் வேறொன்றுதான் வந்தது. "யா அல்லாஹ், அந்தப் பம்பின் சீலைக் காப்பாற்று." றஹீமாவின் காதில் விழுந்துவிட்டது.

"இஞ்சேருங்க, எனக்குக் கேக்காம சீலுக்கா துஆ கேக்கிறீங்க?" என்று மூச்சு வாங்கச் சிரித்தாள்.

"ரெண்டும் ஒண்டுதான் புள்ள" என்றேன்.

ஒப்பரேஷனுக்கு முதல்நாள், அஸர் தொழுதுவிட்டு வார்டு வாசலில் நின்றேன். எனக்குச் சிங்களம் அரைகுறை. பம்பைப் பற்றிக் கேட்டால் சிரிப்பார்களே என்ற வெட்கம் வேறு. தம்பியோடு போனில் கதைத்துக்கொண்டிருந்தபோது, ஆஸ்பத்திரி உடுப்போடு போன ஒரு பெண் என் பேச்சைக் கேட்டு நின்று திரும்பினார்.

"நானா கல்முனைப் பக்கமா? நான் தம்பிலுவில் ஊர்."

அண்ணனை நானா என்பது எங்கள் பக்கத்துப் பேச்சு. விசாரித்தால், மறுநாள் றஹீமாவுக்கு அந்தப் பம்பு மெஷினை ஓட்டப்போவதே அவர்தான். என் பயத்தை அப்படியே கொட்டினேன். அவர் சிரிக்கவில்லை. என்னையும் வாங்கில் இருத்திப் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"ஓம் நானா, இதிலயும் சீல் இருக்கு. ஆனா எண்ணெய் இல்ல. ரெண்டு வளையத்துக்கும் நடுவில சுத்தமான நீர் மெல்லிசாப் படிஞ்சு நிக்கும். அதுதான் வழுக்கிக் குடுக்கும்."

"வளையம் கண்ணாடி மாதிரி இருக்குமா தங்கச்சி?"

"ஒரேயடியா வழுவழுப்பா இருந்தா நீர் நிக்க இடமில்லையே. கண்ணுக்குத் தெரியாத சின்னச் சின்னப் பள்ளம் இருக்கும். அதுல நீர் தங்கும். அளவுக்கு மிஞ்சிச் சொரசொரப்பா இருந்தா இரத்தம் பழுதாகும். அதனால அளவாச் செய்வாங்க. ஒவ்வொரு ஆளுக்கும் புதுசுதான் போடுவம். நாளைக்கு நான் பக்கத்திலதான் நிப்பன்."

பழைய வளையங்களைப் பளபளவென்று தேய்த்துப் பெருமைப்படுகிறவன் நான். அவற்றில் சில ஏன் சீக்கிரம் கருகின என்று அங்கேதான் விளங்கியது. நெஞ்சில் இருந்த பாரமும் இறங்கியது. அன்று மஃரிப் தொழுகையில் சீல் நினைவுக்கே வரவில்லை. முதல்முறையாக றஹீமாவுக்காகவே கையேந்தினேன். அழுகை அடங்கவில்லை. அவளை இழந்துவிடுவேனோ என்ற பயத்தைச் சொல்லத் துணிவில்லாமல்தான் இத்தனை நாளும் ஒரு சீல் வளையத்துக்குப் பின்னால் ஒளிந்திருந்தேன்.

ஒப்பரேஷன் நல்லபடி முடிந்தது. கதைக்க முடிந்ததும் அவள் கேட்ட முதல் கேள்வி:

"சீல் கசிஞ்சதா?"

"இல்ல புள்ள" என்றேன். அல்ஹம்துலில்லாஹ்.

என் கடைக்குப் பழுதான பம்புகள்தான் வரும். நன்றாக ஓடுவதை யாரும் கொண்டுவந்து காட்டுவதில்லை. றஹீமாவின் இதயமும் இத்தனை காலம் ஓடிக்கொண்டுதான் இருந்தது. அதற்காக நான் ஒருநாளும் அல்லாஹ்வுக்கு நன்றி சொல்லி ஷுக்ர் செய்ததில்லை. இப்போது செய்கிறேன். புதிய சீலைத் தண்ணீரில் நனைத்து, பிஸ்மில்லாஹ் சொல்லி மாட்டும்போதெல்லாம் செய்கிறேன்.

சகோதரர்களே, சகோதரிகளே, பிறர் சிரிப்பார்களே என்று நீங்கள் மறைத்து வைத்திருக்கும் பயம் ஏதும் இருந்தால், அதைப் பெயர் சொல்லியே அல்லாஹ்விடம் கேளுங்கள். நான் கேட்டது ஒரு சீலுக்காக. அதையும் அவன் தள்ளிவிடவில்லை.