பின் ஸ்பீக்கரில் அத்தா

என் அத்தா மன்சூர் போடியில் கல்யாண வீடியோ எடுத்தவர். எப்போதும் கேமராவுக்குப் பின்னால் நின்றதால் எங்கள் வீட்டுப் படங்களில்கூட அவர் இல்லை. போன மழைக்காலத்தில் இறந்தார். அம்மா அக்தர் பானு கேட்டது முகத்தை அல்ல.

"அவுக குரலு மறந்துட்டே வருது மிஸ்பா. ஒரு தடவ கேட்டாப் போதும்."

நான் ஒலிப்பொறியாளர். எளிய வேலை என்று நினைத்தேன்.

அத்தாவின் கேமரா நேரடியாகச் சின்ன டிஸ்க்கில் பதியும். அதன் மைக் நாலு பக்கமும் கேட்கும். முன்னால் இருப்பவர்கள் பேசுவது முன் ஸ்பீக்கர்களுக்கு, கேமரா பிடிப்பவர் பேசுவது பின் ஸ்பீக்கர்களுக்கு. வாங்குகிறவர்கள் வீட்டில் இருந்தது டிவி மட்டும், பின் ஸ்பீக்கர் கிடையாது. அதனால் அவர்களுக்கு நகல் எடுக்கும்போது அத்தா பின்பக்க ஒலியை நீக்கிவிடுவார்.

"பின்னாடி என் சத்தந்தான இருக்கு. அது யாருக்கு வேணும்?" என்பார்.

மூல டிஸ்க்கும் கடையில் தங்காது. பெண்கள் பக்கம் எடுத்த படம் அடுத்தவர் கையில் இருக்கக் கூடாது என்பது எங்கள் தெருக்களின் கட்டுப்பாடு. நகலோடு அதையும் கொடுத்துவிடுவார். நகல் ஓடுகிறதா என்று பார்த்துவிட்டு மூலத்தை உடைத்துப் போடுவார்கள். நான் விசாரித்த வீடுகளிலெல்லாம் அப்படித்தான். என் அண்ணன் ஃபயாஸின் நிக்காஹ் டிஸ்க்கை உடைத்தது அம்மாவேதான்.

"முகமெல்லாம் நகல்ல இருக்கேன்னு உடைச்சேன். அதுக்குள்ள அவுக இருந்தது எனக்கென்ன தெரியும்?"

அத்தா கல்யாணம் எடுக்கப் போன மலை வீடுகளில் அந்தக் கட்டுப்பாடு இல்லை. போடிமெட்டுக்கு ஜீப்பில் ஏறினேன். ஏலத்தோட்டத்தில் வேலை பார்க்கும் மொக்கம்மாள், மகள் அமுதவள்ளியின் கல்யாண டிஸ்க்கைத் தகரப் பெட்டியிலிருந்து எடுத்தார்.

"எம் மவன் இதக் காக்கா வெரட்டக் கட்டலாம்னான். போடா, பாய் அண்ணே குடுத்ததுன்னு நாந்தான் மடக்கி வச்சேன். கொண்டு போ ஆத்தா. வெரசா திருப்பிக் கொண்டா."

ஓரத்தில் பூஞ்சை பிடித்திருந்தது. துடைத்துக் கணினியில் போட்டேன். மென்பொருள் வழக்கம்போல் ஒலியை இரண்டு சேனலாகச் சுருக்கப் பார்த்தது. அதை நிறுத்தி, முன்னும் பின்னுமான ஆறு சேனலும் அப்படியே வரும்படி நகல் எடுத்தேன். முன்னறையில் ஸ்பீக்கர்களைச் சுற்றி வைத்தேன்.

டிவியில் அமுதவள்ளி மாலையோடு வந்தாள். அம்மாவின் முதுகுக்குப் பின்னாலிருந்து ஓர் இருமல். பிறகு அத்தா பேசினார்.

"தலைய நிமித்து ஆத்தா. மாப்ளே எங்கயும் ஓடிட மாட்டாரு."

யாரோ சிரித்தார்கள். அம்மா நாற்காலியைத் திருப்பிப் போட்டு, டிவிக்கு முதுகு காட்டி, பின் ஸ்பீக்கரைப் பார்த்து உட்கார்ந்தார். மேளம் ஓய்ந்தபோது அத்தா பெண்ணின் அப்பா சீனிச்சாமியிடம் தணிந்த குரலில் சொல்லிக்கொண்டிருந்தார்.

"எங்க வீட்லயும் மெட்டப் பாக்கணும், கூட்டிட்டுப் போங்கன்னு கேட்டுக்கிட்டே இருக்காக. சோலி எங்க விடுது? அடுத்த தடவ கூட்டியாந்துரணும் சீனிச்சாமி."

அம்மா இன்றுவரை போடிமெட்டுக்குப் போனதில்லை.

படம் முடிந்தது. திருப்பிப் போடவா என்று கேட்டேன். வேண்டாம் என்று கை காட்டினார். ஸ்பீக்கரிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"நான் கேட்டது அவுக காதுல விழுந்துருக்கு" என்றார். "விழவே இல்லன்னுல்ல கடைசி வரைக்கும் சண்ட போட்டேன்."