ஆராய்ச்சிக்கு மட்டும்

போன வாரம் சென்னையிலிருந்து விமானத்தில் எங்கள் தீவுக்குத் திரும்பினேன். மடியில் ஒரு தெர்மகோல் பெட்டி.

கடல் தாண்டி மெயின்லேண்ட் போய்வரும் எந்தத் தீவுக்காரர் தன் சாமானை மட்டும் சுமந்து வந்திருக்கிறார்? மல்லிகைப்பூ, மூக்குக்கண்ணாடி, மிக்ஸி ஜார்... பாதிப் பை நமக்கு, பாதிப் பை தெருவுக்கு. இந்த முறை வண்டூர் பிலோமினாவுக்கு.

வண்டூரிலிருந்து எங்கள் ஹேடோ குவார்ட்டர்ஸுக்கு மீன் கொண்டுவருபவள் பிலோமினா. பூர்வீகம் தூத்துக்குடிப் பக்கம். மகள் ஜெனிக்கு ஏழு வயது. காலில் பலமே இல்லை. உடம்பு தானாகத் தயாரிக்க வேண்டிய ஒரு என்சைம் அவளுக்கு இல்லை. இதற்கு இன்னும் மருந்து வரவில்லை, ஆராய்ச்சி நடக்கிறது என்று சென்னை டாக்டர் சொல்லி அனுப்பிவிட்டார்.

பிலோமினாவின் தம்பிக்குச் சென்னையில், லேப் சாமான் விற்கும் கடையில் டெலிவரி வேலை. ஒரு பெட்டியின் மேல் அந்த என்சைமின் பெயரைப் பார்த்திருக்கிறான். டாக்டர் சொன்ன அதே பெயர். கூடவே 'ஹியூமன்' என்றும் போட்டிருந்தது. மனிதர்களுக்கான மருந்தேதான் என்று நினைத்துவிட்டான். விடுவானா? முதலாளியிடம் கெஞ்சி ஒன்று வாங்கி, என்னிடம் கொடுத்துவிட்டான்.

ஏர்போர்ட்டில், "அந்தர் க்யா ஹை?" என்று உள்ளே இருப்பதைக் கேட்டார் செக்யூரிட்டி. "தவாய்" என்றேன். மருந்து என்று எவ்வளவு பெருமையாகச் சொன்னேன் தெரியுமா?

கடலுக்கு மேலே வந்தபோது, பொழுது போகாமல் பெட்டியோடு இருந்த காகிதத்தைப் படித்தேன். மனித ஜீனை வேறொரு செல்லுக்குள் வைத்து, லேபில் வளர்த்தெடுத்த என்சைம். கீழே ஒரு வரி — ஆராய்ச்சிக்கு மட்டும், மனிதர்களுக்குச் செலுத்தக் கூடாது.

காகிதத்தை மடித்து என் பையில் வைத்துக்கொண்டேன்.

இறங்கியதும் ஜெனியைப் பார்த்த அந்தச் சென்னை டாக்டருக்கு போன் போட்டேன். "என்சைம் அதேதாம்மா. ஆனா ஊசியில ஏத்துற மாதிரி செஞ்சதில்ல. போட்டா குழந்தை உயிருக்கே ஆபத்து" என்றார்.

பிலோமினா என் வீட்டு வாசலிலேயே நின்றிருந்தாள். எல்லாவற்றையும் சொன்னேன். விரல்நுனி அளவுக் குப்பியை எடுத்து வெளிச்சத்தில் பார்த்தாள்.

"இதானாக்கா அவ உடம்புல இல்லாதது?"

"இதேதான்."

"கைல இருக்கு... குடுக்க முடியல, பாத்தியளா." குப்பியைக் கைக்குள் மூடிக்கொண்டாள். "ஜெட்டித் துறைக்கு போட் வந்தா மத்த பிள்ளைய எல்லாம் படியில ஓடும். இவ என் இடுப்புல இருந்து பாத்துக்கிட்டே இருப்பா. ஒரே ஒரு நாள் அவளா ஏறிட்டா போதும்க்கா."

எனக்கும் அதைப் பார்க்க வேண்டும்போல் இருந்தது. இப்போதும் இருக்கிறது.

"ஆராய்ச்சின்னா, இத வச்சித்தான் மருந்து கண்டுபிடிப்பாங்களா?"

"ஆமா."

"டீக் ஹை, சரிக்கா" என்றாள். என் ஃப்ரீஸரிலிருந்து புது ஐஸ் பாக்கெட் எடுத்து, குப்பியைச் சுற்றி அடுக்கி மூடினாள். தினமும் மீனுக்கு ஐஸ் வைக்கும் கை.

"சென்னைக்குப் போறவங்ககிட்ட தம்பிக்கே திருப்பிக் குடுத்து விட்டுருங்க. இது இல்லாம ஆராய்ச்சி பண்றவங்க வேல நின்னுரப் போவுது."

அடுத்த வாரம் யாராவது மெயின்லேண்ட் போகிறீர்களா? உங்கள் மடியில் கொஞ்சம் இடம் வேண்டும்.