நாயுருவிப் பாடம்

வெள்ளிக்கிழமைக் கடைசி வகுப்பில் நான் கிருமிப் பாடத்தைத் தொடங்குவதில்லை. "டீச்சர் ரொம்ப நாள் நட்சத்திரம் பாப்பாங்க" என்று பிள்ளைகள் கிண்டல் செய்வது காதில் விழும். செய்துவிட்டுப் போகட்டும்.

நான் ஒன்பதாவது படித்தபோது எங்கள் அறிவியல் டீச்சர் அந்தப் பாடத்தை ஒரு வெள்ளிக்கிழமைதான் தொடங்கினார். கை நிறைய நாயுருவி விதைகளைக் கொண்டுவந்து எங்கள் யூனிபார்ம் பாவாடைகள் மேல் வீசினார். அத்தனையும் ஒட்டிக்கொண்டன, உதறினாலும் போகவில்லை. "கிருமிக்கும் இப்படிக் கொக்கி உண்டு. உடம்புல இருக்குற செல்லைத் தேடிப் போய் மாட்டிக்கும்" என்றார். மணி அடித்துவிட்டது. மீதி திங்கட்கிழமைக்கு.

பாதிப் பாடத்தோடு முழு விஞ்ஞானியாகி அம்பகரத்தூர் பஸ் ஏறினேன். வீட்டில் அத்தை காய்ச்சலோடு படுத்திருந்தாள். அப்பாவின் அக்கா, பிள்ளை இல்லாதவள், எங்களோடுதான் இருந்தாள். தினமும் எனக்குத் தலை பின்னிவிடுவது அவள்தான், அம்மாவைக்கூட விடமாட்டாள். மூத்திரத்தில் கிருமி என்று டாக்டர் சொல்லியிருந்தார். வெட்கப்பட்டுக்கொண்டு பல நாள் யாரிடமும் சொல்லாமலே இருந்திருக்கிறாள், பாவி.

மறுநாள் காலை சுவரைப் பிடித்துக்கொண்டு எழுந்து வந்தாள். "வாடி, தலையைக் காட்டு. பேயாட்டம் நிக்கிறே."

"நானே பின்னிக்கிறேன் அத்தை. கிட்ட வராதீங்க, கிருமி ஒட்டிக்கும்."

சொன்னேனே, இந்த வாயால்.

அத்தை தன் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "ஆமாண்டி, படிச்ச புள்ள சொன்னா சரியாத்தான் இருக்கும்" என்று சீப்பை ஜன்னலில் வைத்துவிட்டுப் போய்ப் படுத்துக்கொண்டாள். ஞாயிற்றுக்கிழமை அவள் என்னைக் கூப்பிடவே இல்லை.

திங்கட்கிழமை கோணல் பின்னலோடு வகுப்பில் உட்கார்ந்திருந்தேன். டீச்சர் அதே விதைகளை எவர்சில்வர் டிபன் பாக்ஸ் மூடி மேல் போட்டார். வழுக்கி விழுந்தன. "மாட்டிக்க இடம் இருந்தாத்தான் ஒட்டும். மூத்திரப்பையில மாட்டுற கிருமிக்குக் கைத்தோல்ல பிடி கிடையாது. சோப்புப் போட்டுக் கழுவினா போயிடும்." ஓடிப்போய் அத்தையிடம் சொல்லிவிட வேண்டும், பின்னலைப் பிரித்து அவள் மடியில் தலையைக் கொடுக்க வேண்டும் என்று துடித்தேன்.

வீடு பூட்டியிருந்தது. மத்தியானமே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய்விட்டதாகப் பக்கத்து வீட்டு அக்கா சொன்னாள். கிருமி ரத்தத்தில் கலந்திருந்ததாம். ஆஸ்பத்திரியில் தப்பிய நினைவு அத்தைக்குத் திரும்பவே இல்லை. புதன்கிழமை போய்விட்டாள்.

காரியமெல்லாம் முடிந்த பிறகு ஜன்னலில் இருந்த சீப்பை எடுத்தேன். ஒரு முடிகூட இல்லை. டெட்டால் வாடை அடித்தது. என் மேல் கோபத்தில், என் சங்காத்தமே வேண்டாமென்று கழுவி வைத்துவிட்டாள் என்றுதான் நினைத்தேன். வருஷக்கணக்கில் அந்தச் சீப்பைத் தொடவில்லை.

நான் டீச்சரான பிறகு ஒருநாள் அம்மா பேச்சோடு பேச்சாகச் சொன்னாள். அன்றைக்கு ஆஸ்பத்திரிக்குப் போக ஆட்டோ வாசலில் வந்து நிற்கிறது. அத்தை வெந்நீர் கேட்டு வாங்கி, சீப்பைக் கழுவிக்கொண்டிருந்தாளாம். "இப்ப எதுக்கு அண்ணி இதெல்லாம்?" என்று அம்மா அதட்டியிருக்கிறாள்.

"நாளைக்குப் புள்ள பயப்படாம தலையைக் காட்டணும்ல" என்றாளாம்.