ஐந்து கோட்டில் அகப்பட்டேன்

அடுத்தவர் செய்த தப்பை நின்றபடி எண்ணினால் சம்பளம் கொடுக்கும் தொழில் ஒன்று உண்டு. அதற்குக் குவாலிட்டி செக்கிங் என்று பெயர். திருப்பதியிலிருந்து நாயுடுபேட்டை ரோட்டில் கம்பெனி பஸ்ஸில் போய், சீனாக்காரர்கள் நடத்தும் செல்போன் சார்ஜர் ஃபேக்டரியில் அந்த வேலைக்குச் சேர்ந்தேன். மூன்று மாதம் ட்ரெயினிங். பிடித்திருந்தால் பர்மனென்ட்.

இன்டர்வியூவில் குழந்தை உண்டா என்று கேட்டார்கள். கைக்குழந்தைக்காரியை எடுக்க மாட்டார்கள் என்று பக்கத்து வீட்டுப் பெண் சொல்லி அனுப்பியிருந்தாள். நாலு மாதப் பாப்பாவை வீட்டுக்காரரிடம் விட்டுவிட்டு வந்திருந்த நான், வாய் கூசாமல் இல்லை என்றேன். ஃபாரத்தில் குழந்தைகள் என்ற கட்டத்தில் பூஜ்யம் போட்டார்கள். அன்றிலிருந்து யார் என் பெயரைக் கூப்பிட்டாலும் பொய் வெளிப்பட்டுவிட்டது என்றே நினைப்பேன். என்னைப் போலவே பொய் சொல்லி வேலைக்குப் போகிறவர்களே, பாப்பா தூங்கும் இந்தக் கொஞ்ச நேரத்தில் உங்களுக்காகத்தான் எழுதுகிறேன்.

கான்வென்ட் கையெழுத்து

எங்கள் லைனைப் பார்த்துக்கொள்ள சீனாவிலிருந்து வந்தவர் மேய் மேடம். முதல் நாள், ப்ளக் பின் வளைந்த சார்ஜர் ஒன்றை எடுத்துக் காட்டினார். அப்புறம் தாளில் 正 என்று ஒரு எழுத்தைப் போட்டுக் காட்டினார். தலையாட்டிவிட்டார், நானும் ஆட்டிவிட்டேன். கெட்ட பீஸ் ஒன்றுக்கு எழுத்து ஒன்று என்று நானே முடிவு செய்துகொண்டேன். கையெழுத்துக்காக சிஸ்டர்களிடம் பரிசு வாங்கியவள் சும்மா விடுவேனா? ஏழு கெட்ட பீஸுக்கு ஏழு எழுத்து, அச்சடித்த மாதிரி எழுதி வைத்தேன்.

அந்த எழுத்தில் ஐந்து கோடு. அவர்கள் ஊரில் ஒரு பீஸுக்கு ஒரு கோடுதான். ஐந்து சேர்ந்தால் எழுத்து முழுசாகும். நாம் நாலு கோடு போட்டு குறுக்கே ஒன்று இழுப்போமே, அந்த மாதிரி. என் தாளைப் பார்த்து லைனையே நிறுத்திவிட்டார்கள். சூப்பர்வைசர் ரமணா ஓடி வந்தார். பீஸ்களை எண்ணினார், தாளைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "ஏம்மா, ஏழு பீஸுக்கு முப்பத்தஞ்சு போட்டுக்கினு கீறியே. கையெழுத்து மட்டும் சால பாகுந்தி, ரொம்ப நல்லா கீது."

சுழி

ஒரு கோடு ஒரு பீஸ் என்று புரிந்ததும் அடுத்த வம்பு. எனக்கு அடிக்கோட்டிலிருந்து மேலே கட்டிக்கொண்டு போவதுதான் வசதியாக இருந்தது. ஆனால் எழுத்து பாதியில் நிற்கும்போது ஷிஃப்ட் மாறும். அடுத்து வருகிறவள் அதை வைத்து இரண்டா மூன்றா என்று சொல்ல வேண்டும். அதனால் வரிசை மாறக்கூடாது: மேலே படுக்கைக் கோடு, நடுவில் நெட்டைக் கோடு, வலது பக்கம் குட்டையாக ஒன்று, இடது பக்கம் குட்டையாக ஒன்று, கடைசியில் தரை மாதிரி அடிக்கோடு.

மேய் மேடம் என் கையைப் பிடித்தே எழுதவைத்தார். வரிசை வந்துவிட்டது. ஆனால் தமிழ் எழுதின கை, கோடு முடிகிற இடத்திலெல்லாம் தானாகச் சுழித்துவிடும். என் எழுத்துக்கு இடுப்பும் தொப்பையும் வந்துவிட்டது. மேடம் அதைப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "நோ குட். திஸ் ஒன் ஈட் டூ மச்."

வீட்டு ஷிஃப்ட்

என் வீட்டுக்காரர் சாயங்காலம்தான் ஷேர் ஆட்டோ எடுப்பார். பகல் முழுக்கப் பாப்பா அவர் பொறுப்பு. நான் இல்லாதபோது அவள் குடிக்கிறாளா இல்லையா என்பதுதான் லைனில் நிற்கும் எனக்கு ஓயாத பயம். அவருக்கும் அந்த எழுத்தைச் சொல்லிக்கொடுத்தேன். ஒரு பாட்டில் பாலுக்கு ஒரு கோடு, தினசரி காலண்டர் தாளில். என்னைவிட நேராகப் போட்டார்.

ஒருநாள் வந்து பார்த்தால் முழுசாக இரண்டு எழுத்து. பத்து பாட்டில். பாப்பா வயிற்றைத் தொட்டுப் பார்த்து, நெற்றியைத் தொட்டுப் பார்த்து, நான் அழவே ஆரம்பித்துவிட்டேன். அவர் சாவகாசமாக ஆட்டோ சாவியைத் தேடிக்கொண்டே சொன்னார்: "இன்னாத்துக்கு அழுதுக்கினு கீற? ஏழு பாப்பா குடிச்சது. மூணு நான் குடிச்ச டீ. எனக்குன்னு தனியா ஒரு தாளு கிழிக்கணுமா?"

ஸ்பீடு

எழுத்து லைன் முழுக்கப் பரவிவிட்டது. ரமணா சார் ஒரு நாளைக்கு எத்தனை தடவை 'ஸ்பீடு' சொல்கிறார் என்று புத்தலப்பட்டிலிருந்து வரும் பெண் ஒருத்தி அட்டையில் கோடு போட்டாள். மதியச் சாப்பாட்டுக்குள் நாலு எழுத்து, இரண்டு கோடு. அட்டை அவர் கையிலேயே சிக்கியது. கெட்ட பீஸ் என்று நினைத்து வெளிறிப்போனார். விஷயம் தெரிந்ததும் சட்டையைச் சரிசெய்துகொண்டார். "மத்தியானம் வரைக்கும் இருபத்திரெண்டுதானா? போறாதும்மா. ஸ்பீடு, ஸ்பீடு."

ஆறு கோடு

காலண்டர் தாளை மறுநாள் பையில் போட்டுக்கொண்டு போய், டீ பிரேக்கில் எடுத்துப் பார்ப்பது என் வழக்கம். ட்ரெயினிங் முடிகிற வாரம், அந்தத் தாள் என் செக்கிங் தாள்களோடு சேர்ந்து ஆபீசுக்குப் போய்விட்டது. மேய் மேடம் கூப்பிட்டனுப்பினார். மேசையில் என் ஃபாரம், பக்கத்தில் அந்தத் தாள். ஒரு எழுத்து, ஒரு கோடு. "விச் லைன்? வாட் டிஃபெக்ட்?"

ரமணா சாரும் நின்றிருந்தார். ஏதாவது லைன் நம்பரைச் சொல்லியிருக்கலாம். வாயைத் திறந்தேன், வந்தது "பேபி" என்றுதான். கையைத் தொட்டில் மாதிரி வைத்து ஆட்டியும் காட்டிவிட்டேன். "மில்க். செவன் மந்த்ஸ்." மேடம் தாளை மறுபடி எண்ணினார். "சிக்ஸ்? நோ குட். மை சன், செவன் மந்த், எய்ட்."

அப்புறம் ஃபாரத்தைத் திருப்பி, குழந்தைகள் கட்டத்தில் இருந்த பூஜ்யத்தை அடித்துவிட்டு, ஒரு படுக்கைக் கோடு இழுத்து, கீழே பர்மனென்ட் என்ற இடத்தில் கையெழுத்துப் போட்டார். ரமணா சார் எட்டிப் பார்த்தார். "மேடம் முதல் கோடுதாம்மா போட்டிருக்காங்க. மிச்சம் நாலுக்கு மெல்லமா வா, அதுக்கு மட்டும் ஸ்பீடு வேணாம்."

பர்மனென்ட் ஆனதில் எனக்கு ஒரே கஷ்டம், பாப்பா எட்டு பாட்டிலைத் தொடும் வரை தினமும் காலையில் அவள் தாளை மேய் மேடத்திடம் காட்டிவிட்டுத்தான் லைனில் நிற்க வேண்டியிருக்கிறது.