அக்கா கேட்ட மிஷின்

எழுபதுகளின் நடுவில், நான் கோட்டயத்தில் பி.எஸ்ஸி. இயற்பியல் படித்துக்கொண்டிருந்தபோது, பீர்மேடு பக்கம் எங்கள் தேயிலை எஸ்டேட்டில் நடந்தது இது. எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடத்துக்குப் போன முதல் ஆள் நான். அதில் எனக்குப் பெருமை உண்டு. அதை நான் மறைத்ததும் இல்லை.

அந்த ஆண்டு ஆடி மழையில் மலை சரிந்து, தொழிலாளர்கள் குடியிருந்த எங்கள் லயத்தின் கடைக்கோடி வீடுகளை இழுத்துக்கொண்டு போனது. அக்கா கொழுந்து நிறுக்கப் போயிருந்ததால் தப்பினாள். தேயிலைச் செடிகளைக் கவாத்து வெட்டும் வேலை முடிந்து அத்தான் வீடு திரும்பும் நேரம் அது. மற்றவர்களின் உடல்கள் கிடைத்தன. அத்தான் கிடைக்கவில்லை. குமுளி ரோட்டில் ஒரு ஜீப்பில் அவரைப் போல ஒருவரைப் பார்த்ததாக யாரோ சொல்லிவிட்டார்கள். அக்கா அந்தப் பேச்சைப் பிடித்துக்கொண்டாள். தாலியைக் கழற்றிக் காரியம் செய்துவிடலாம் என்று சொந்தக்காரர்கள் சொன்னபோதெல்லாம் எழுந்து வெளியே போய்விடுவாள்.

ஓண லீவுக்கு ஊருக்கு வந்த நான், பேச்சுவாக்கில் அக்காவிடம் ஒன்றைச் சொன்னேன். மண்ணுக்குள் கிடக்கும் இரும்பைக் காட்டும் கருவி ஒன்று இருக்கிறது, வீட்டிலேயே செய்துகொள்ளச் சாமான்களைப் பெட்டியாக விற்கிறார்கள் என்று. அக்கா முறத்தைக் கீழே வைத்தாள்.

"ஏட்டி, கவாத்துக் கத்திய காட்டுமா அது?"

காட்டும் என்றேன்.

"அவரு இடுப்ப விட்டு அந்தக் கத்தி எறங்காது. போன எடத்துக்கு அதுவும் போயிருக்கும். நீ அந்த மிஷின செஞ்சு கொண்டா. மண்ணுக்குள்ள கத்தி இல்லன்னு எல்லாவளுக்கும் காட்டிருவோம்."

கோட்டயத்து ரேடியோ கடையில் இரண்டு வகைப் பெட்டிகள் இருந்தன. ஒன்று இரும்பு எது, பித்தளை எது என்று பிரித்துச் சொல்லும்; ஆனால் அதைச் சரிப்படுத்தவே வேறு கருவிகள் வேண்டும். மற்றது புதிதாகக் கற்பவர்களுக்கானது. சில டிரான்சிஸ்டர்கள், ஒரு கம்பிச்சுருள், டார்ச் பேட்டரி. பக்கத்தில் ஒரு சின்ன ரேடியோவை வைத்தால் அதில் விசில் போல ஒரு சத்தம் கேட்கும். உலோகத்துக்கு மேலே கொண்டுபோனால் அந்தச் சத்தம் மாறும். ஒரு சாண் ஆழத்துக்கு மேல் எட்டாது. எந்த உலோகம் என்றும் தெரியாது. செய்யப்போவது அண்ணனா என்று கடைக்காரர் மலையாளத்தில் கேட்டார். நான்தான் என்று சொல்லி, இரண்டாவதை வாங்கினேன். லயத்தில் கரண்ட் கிடையாது. என் கைக்கு அடங்குவது அதுதான்.

பூஜை லீவில் அதைச் செய்தேன். ஈயம் பற்றவைக்கும் கோலை அடுப்புத் தணலில் காய்ச்சினேன். கம்பியைச் சுற்ற வட்டமாக ஏதாவது வேண்டியிருந்தது. தன் கொழுந்துக் கூடையின் மூங்கில் வாயை அக்காவே அறுத்துக் கொடுத்தாள். முதல் முறை அரிவாள்மணைக்கு மேலே விசில் ஏறியபோது எனக்குத் தலைகால் புரியவில்லை. "பொதையல் கெடச்சா எங்களுக்கும் ஒரு பங்கு குடு தாயி" என்று பக்கத்து வீட்டுக்காரி கேலி செய்தாள். அக்காவும் சிரித்தாள். மழைக்குப் பிறகு அவள் சிரித்து அன்றுதான் பார்த்தேன்.

பெய்த மழையெல்லாம் சரிந்த மண்ணைக் கரைத்து ஓடைப் பக்கம் இறக்கியிருந்தது. நான் கருவியைப் பிடித்துக்கொண்டு நடக்க, அக்கா ஒரு கையில் ரேடியோவும் மறு கையில் களைக்கொத்துமாகக் கூட வந்தாள். அடிக்கடி சத்தம் மாறியது. கூரைத் தகரம், கதவுக் கீல், நசுங்கிய கெட்டில். ஒவ்வொன்று வரும்போதும் அக்காவின் முகம் தெளிந்தது. "பாத்தியா, தகரந்தான்" என்றாள். வெயில் ஏற ஏற அவள் நடையே மாறிவிட்டது. எனக்கும் நம்பிக்கை வந்துவிட்டது.

ஓடைக்கரையில் ஒரு புங்க மரத்தின் வேருக்கடியில் விசில் சட்டென்று உயர்ந்தது. இன்னொரு தகரம் என்று நினைத்துக் கொத்தினாள். வளைந்த முனை ஒன்று வெளியே வந்தது. அவள் கையால் மண்ணைத் துடைத்தாள். கத்தியின் பிடி முன்பே விரிசல் விட்டிருந்ததால் செம்புக்கம்பி சுற்றியிருந்தது. சுற்றி முடிச்சுப் போட்டவள் அவள்தான்.

நான் கருவியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்றேன். அவள் ரேடியோவை அணைத்துவிட்டு, ஆட்களைக் கூப்பிடச் சொன்னாள். மண்வெட்டிகள் வந்தன. அத்தான் அங்கேதான் இருந்தார். அதற்கு மேல் எழுத என்னால் முடியாது.

காரியம் முடிந்து நான் கோட்டயம் பஸ்ஸுக்கு நின்றபோது அக்கா கூட வந்தாள். கழுத்து வெறுமையாக இருந்தது. பஸ் வந்ததும் என் பையை ஏற்றிவிட்டுச் சொன்னாள்: "நீ படிச்ச படிப்பு வீணாப் போகலட்டி." அதில் குத்தல் இல்லை. குத்தல் இருந்திருந்தால் தாங்கியிருப்பேன்.

இப்போது நான் ஒரு பள்ளிக்கூடத்தில் அறிவியல் சொல்லிக்கொடுக்கிறேன். அக்கா என்னோடுதான் இருக்கிறாள். படித்த பெண் என்று யாராவது என்னைச் சொன்னால் இன்றும் பெருமையாகத்தான் இருக்கிறது, ஆனால் வீட்டில் ரேடியோவில் ஸ்டேஷன் தேடும்போது அந்த விசில் எழுந்ததும் அக்காவின் கை தானாகக் கழுத்துக்குப் போவதைப் பார்க்கும்போது, அவள் என்னிடம் கேட்டதும் நான் அவளுக்குக் கொடுத்ததும் ஒன்றல்ல என்பது நினைவுக்கு வருகிறது.