குங்குமம் வைத்த படம்

சின்னக்கானல் பக்கம் ஒரு தேயிலை எஸ்டேட் ஆஸ்பத்திரியில் நான் ஆயாவாக இருந்தேன். அங்கே ஜெர்மனியிலிருந்து ஒரு டாக்டரும் அவர் மனைவியும் வந்து சேர்ந்தார்கள். யூதர்கள் என்பதற்காகச் சொந்த நாடே அவர்களை விரட்டிவிட்டதாம். ஒரு வருஷத்தில் அந்த அம்மா அரைகுறையாகத் தமிழ் பேசப் பழகிவிட்டார்.

பொழுதெல்லாம் பென்சிலும் கையுமாக இருப்பார். ஒரு ரயிலடியை வரைந்தார். மூட்டையும் பிள்ளையுமாக நிற்கும் கூட்டம். ஒரு முகம் போல இன்னொன்று இல்லை. எதையும் பார்த்து வரையவில்லை, எல்லாம் நினைவிலிருந்துதான். மருந்து வாங்க வந்த கொழுந்து பறிக்கும் பெண்கள் படத்தைச் சுற்றிக் கூடிவிட்டார்கள்.

"நாம பஞ்சம் பொழைக்கப் போடிமெட்டு மலை ஏறி வந்த மாதிரில்லா இருக்கு" என்றாள் ஒருத்தி.

கண் காணாத தேசத்து ரயிலடியில் என் ஆத்தாளின் மூட்டையை நானும் பார்த்தேன்.

பிறகு ஒரு கிழவியின் முகத்தை வரைந்து ஆஸ்பத்திரிச் சுவரில் மாட்டினார். "என் அம்மா" என்றார், அவ்வளவுதான். கண்ணோரச் சுருக்கம் வரை உயிர் இருந்தது. உயிரோடு இருப்பவரைப் படம் போட்டால் ஆயுசு குறையும் என்று எங்கள் சனங்களுக்குப் பயம். சுவருக்கு வந்தவர் போய்ச் சேர்ந்தவராகத்தான் இருக்கவேண்டும். மறுநாள் காலையில் நானே குங்குமம் வைத்து, செவ்வந்தி மாலையும் போட்டேன். மெச்சிக்கொள்வார் என்று நினைப்பு வேறு.

அவர் வந்து பார்த்துச் சிரித்தார். "அழகு. எதுக்கு?"

"செத்தவங்களுக்குப் போடுறதும்மா."

சிரிப்பு நின்றுவிட்டது. "அம்மா சாகலே. அந்த ஊர்லே இருக்கா. ஆறு மாசம் லெட்டர் வரலே. முகம் மறக்கக் கூடாது, அதுக்கு வரைஞ்சேன்."

பூமி பிளந்து என்னை விழுங்கினால் தேவலை என்றிருந்தது. மாலையை உருவி எடுத்துவிட்டேன். பொட்டைத் துடைக்க மட்டும் கை வரவில்லை. ஒரு பெண்ணின் பொட்டை அழிப்பது அதைவிடக் கேடு. அதைச் சொல்லி அழுதேன்.

"இருக்கட்டும்" என்றார்.

அதற்குப் பிறகு அவர் அம்மாவை வரைந்த படங்களில் எல்லாம் நெற்றியில் சிவப்புப் பொட்டு இருந்தது. வெள்ளைக்காரக் கிழவி பொட்டோடு பனித் தெருவில் நடந்து போவாள். நான் வேலையை மறந்து மலைத்துப்போய் நிற்பேன்.

யுத்தம் வந்தது. எதிரி நாட்டுக்காரர்கள் என்று இருவரையும் கூட்டிப்போகப் போலீஸ் வந்தது. விரட்டியவனுக்கும் விரட்டப்பட்டவனுக்கும் வித்தியாசம் தெரியாத சர்க்கார். என்னைக் கேட்டிருந்தால் நாலு வார்த்தை நறுக்கென்று சொல்லியிருப்பேன், யார் கேட்டார்கள்? வண்டி ஏறும்முன் அந்த அம்மா சுவரிலிருந்த படத்தைக் கழற்றி என் கையில் கொடுத்தார்.

"அம்மா லெட்டர் வந்தா உனக்கு எழுதுறேன்."

இன்றுவரை எழுதவில்லை. அந்த யுத்தத்தில் யூதர்களுக்கு என்ன நேர்ந்தது என்பதைப் பின்னால் பேப்பரில் படித்தேன். படம் என் வீட்டுச் சுவரில்தான் இருக்கிறது. வெள்ளிக்கிழமை தோறும் பொட்டு மட்டும் புதிதாக வைக்கிறேன். மாலை போடவில்லை.